எங்கே? – சிவப்பு மையில் ஒரு கேள்வியும் 25க்கு 9 மார்க்கும்

இன்டர்னல் மார்க் ஒட்டிய அன்றைக்கே எழுதியிருக்க வேண்டிய பதிவு இது. கோபம் ஆறட்டும் என்று தள்ளிப்போட்டேன். ஆறிவிட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் கோபம் யார் மேல் என்பது மாறிவிட்டது.

முதலில் நான் யார் என்று புதிதாக வருகிறவர்களுக்காக. கொல்லிமலை, எடப்புளி நாடு. அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்தால் எங்கள் மலை. "நாடு" என்றதும் வகுப்பில் சிரித்தார்கள், பாஸ்போர்ட் வேண்டுமா என்று கேட்டார்கள். எங்கள் மலையில் ஊர்கள் நாடு நாடாகத்தான் சேர்ந்திருக்கின்றன. வளப்பூர் நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடு, எடப்புளி நாடு என்று இன்றைக்கும் பஞ்சாயத்துகளுக்கே அந்தப் பெயர்தான். அறப்பளீஸ்வரர் கோயிலும் ஆகாய கங்கை அருவியும் பார்க்க வருகிறவர்கள் பஸ் போர்டில் இந்தப் பெயர்களைப் படித்துவிட்டுப் போவார்கள். சிரித்தவர்கள் கவனத்துக்கு, இந்த "நாடு" பின்னால் மறுபடி வரும்.

எங்கள் துறையில் களத் தொல்லியல் தாள் நடத்தும் பேராசிரியர் ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம், "சார்" என்றே வைத்துக்கொள்வோம். அவரைப் பற்றி சீனியர்கள் இரண்டு கட்சி. ஒரு கட்சி, "அவர்கிட்ட படிச்சாத்தான் படிப்பு" என்னும். இன்னொரு கட்சி, "அவர் பேப்பரை எடுக்காதே, பர்சன்டேஜ் போயிடும்" என்னும். இரண்டு கட்சிக்கும் ஒரே காரணம்தான். சார் பதில் தாளுக்கு மார்க் போடுவதை விடக் களக் குறிப்பேட்டுக்கு மார்க் போடுவதில்தான் கறார். பாடப் புத்தகத்தை வரி மாறாமல் எழுதியவனுக்கு பாஸ் மார்க். அகழாய்வுக் குழியின் மண்ணடுக்கை ஒழுங்காக அளந்து வரைந்தவன், தமிழில் எழுத்துப்பிழை நாற்பது விட்டிருந்தாலும், முதல் மார்க். எங்கள் வகுப்பு டாப்பர் இதனால் அழுதே விட்டாள்.

அவருடைய சிவப்பு மைக்கு நீளமான வாக்கியம் தெரியாது. ஓரத்தில் ஒரே சொல். "எங்கே?" சில நேரம் "எந்த ஆழம்?" மிஞ்சிப் போனால் "யார் சொன்னது?" என் குறிப்பேட்டில் ஒரே பக்கத்தில் ஐந்து "எங்கே?" எண்ணியிருக்கிறேன்.

முதல் செமஸ்டர் முடிவில் ஒரு வேலை கொடுத்தார். அவரவர் ஊரில் பழைய தடயம் ஏதாவது ஒன்றைப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும், 25 மார்க். எனக்குக் கொண்டாட்டம். எங்கள் ஊர் ஓரத்தில் ஒரு மரத்தடிப் பிள்ளையார் மேடை இருக்கிறது. அதன் மேல் உள்ளங்கை நீளத்தில் வழுவழுவென்று, ஒரு பக்கம் கூர்மையாக, சில கற்கள் இருக்கும். சின்ன வயதில் அவற்றுக்கு எண்ணெய் தடவியிருக்கிறேன். வகுப்பில் புதிய கற்காலக் கைக்கோடரி என்று படம் காட்டிய அன்று எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது எங்கள் பிள்ளையாருக்குப் பக்கத்தில் இருக்கிற கல்லேதான்!

லீவில் போனேன். இருந்ததிலேயே நல்லதாக ஒன்றை எடுத்துத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டேன். அறிக்கையோடு சேர்த்து சார் மேஜையில் வைத்தேன். பரிசு கிடைக்கும் என்ற நினைப்பு.

"நல்ல கல்லுப்பா. எங்கே இருந்துச்சு?"

"எங்க ஊர்ப் பிள்ளையார் மேடையில சார்."

"அங்க யார் கொண்டாந்து வெச்சா?"

"தெரியல சார்."

"பக்கத்துல எத்தனை கல் இருந்துச்சு? எடுக்கறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்தியா?"

"இல்ல சார்."

"ஊர்ல யார்கிட்டயாவது கேட்டியா?"

நான் பேசவில்லை. அவரும் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. கல்லைத் துண்டில் சுற்றித் திருப்பிக் கொடுத்து, "எங்க எடுத்தியோ அங்க வெச்சுட்டு வா" என்றார். 25க்கு 9. அறிக்கையின் முதல் பக்கத்தில் வழக்கம்போல, "எங்கே?"

இவ்வளவு கறார் ஒரு மனுஷனுக்கு எங்கிருந்து வந்தது என்று கடுப்பில் தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரைக்கான விஷயம் எல்லாம் கிடைத்தது. சார் மார்க் போடும் முறைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது 1944இல் தட்சசீலத்தில் தொடங்குகிறது.

அந்த வருடம் இந்தியத் தொல்லியல் துறைக்குத் தலைமை இயக்குநராக மார்டிமர் வீலர் வந்தார். போர்முனையிலிருந்து நேராக வந்த ராணுவ அதிகாரி. லண்டனில் தொல்லியல் கல்விக்கென்றே ஒரு நிறுவனம் அமைய 1930களில் மனைவி டெஸ்ஸாவோடு சேர்ந்து பாடுபட்டவர். அது 1937இல் திறந்தபோது டெஸ்ஸா உயிரோடு இல்லை, முந்தைய வருடமே இறந்துவிட்டார். இந்தியாவுக்கு வந்த வீலர் பார்த்தது என்னவென்றால், இங்கே பெரிய பெரிய இடங்களைத் தோண்டியிருந்தார்கள், ஆனால் எந்தப் பொருள் எந்த மண்ணடுக்கில் கிடைத்தது என்ற கணக்குப் பல இடங்களில் இல்லை. குறிப்பிட்ட ஆழம் வரை மட்டமாக வெட்டிக்கொண்டே போனார்கள். மண்ணடுக்கு மட்டமாகவா இருக்கும்? எங்கள் மலையில் வந்து பாருங்கள், ஒரு வயலுக்குள்ளேயே மண் எப்படிச் சரிந்து கிடக்கிறது என்று.

அவர் செய்த முதல் வேலைகளில் ஒன்று பள்ளிக்கூடம் வைத்தது. 1944 கடைசியில் தட்சசீலத்தில், பல்கலைக்கழகங்களிலிருந்தும் சமஸ்தானங்களிலிருந்தும் வந்த சுமார் அறுபது மாணவர்களுக்குக் களத்திலேயே பாடம். தரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டங்களுக்கு நடுவே ஒரு மண்சுவரை வெட்டாமல் விட வேண்டும். களத்தில் நாங்கள் அதை பால்க் என்போம். கட்டத்துக்குள் தோண்டத் தோண்ட அந்தச் சுவரில் அடுக்குகள் வரி வரியாகத் தெரியும். அதைப் பார்த்து வரைய வேண்டும். கிடைக்கிற ஒவ்வொரு பொருளுக்கும் நீளத்தில் எங்கே, அகலத்தில் எங்கே, ஆழத்தில் எங்கே என்று மூன்று அளவு. சாரின் "எங்கே?" இங்கேயிருந்து வந்ததுதான்.

அந்தப் பள்ளிக்கூடத்து மாணவர்களில் பி.பி. லால், எம்.என். தேஷ்பாண்டே, பி.கே. தாபர் மூவரும் பின்னாளில் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநர்களானார்கள். வீலரின் கோபமும் கிண்டலும் பேர்போனவை. வேலை தெரியாதவனை நிற்க வைத்துக் கேட்டுவிடுவார். (எங்கள் சார் அந்த விஷயத்தில் தங்கம்.)

1945இல் வீலர் மாணவர்களையும் கூட்டிக்கொண்டு நம் பக்கம் வந்தார். புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேடு. இந்த இடம் அவர் கண்டுபிடித்தது இல்லை. புதுச்சேரிக் கல்லூரி ஆசிரியரான ழூவோ துப்ரே 1930களிலேயே அங்கே கிடைத்த மணிகளையும், தலை செதுக்கிய ரோமானியக் கல் ஒன்றையும் பார்த்து இது சாதாரண மேடு இல்லை என்று சொல்லியிருந்தார். பிறகு பிரெஞ்சுக்காரர்கள் கொஞ்சம் தோண்டினார்கள். சென்னை அருங்காட்சியக அலமாரி ஒன்றில் ரோமானியச் சாடியின், அதாவது ஆம்போராவின், உடைந்த கழுத்தைப் பார்த்துத்தான் தனக்குப் பொறி தட்டியது என்று வீலர் எழுதியிருக்கிறார்.

அவருக்கு வேண்டியது ஒரு காலக் கணக்கு. தென்னிந்தியாவில் பானை ஓடு மலைபோலக் கிடைத்தது, எது எந்தக் காலம் என்று சொல்ல ஆள் இல்லை. இத்தாலியில் செய்த அர்ரிடைன் என்ற சிவப்புக் கிண்ணங்களுக்கு ஐரோப்பாவில் ஏற்கெனவே காலம் தெரியும். அது அரிக்கமேட்டில் எந்த அடுக்கில் கிடைக்கிறதோ, அந்த அடுக்கில் கூடவே கிடைக்கும் நம் ஊர்ப் பானைக்கும் அதுதான் காலம். பானைக்குப் பானை சாட்சி சொல்கிற ஏற்பாடு. அந்த அடுக்கைத் தப்பாகக் குறித்தால் மொத்தமும் போச்சு. ஏ. கோஷ், கிருஷ்ண தேவா இருவரோடும் சேர்ந்து எழுதிய அறிக்கை 1946இலேயே வெளியாகிவிட்டது. (தோண்டிய அடுத்த வருடமே அறிக்கை! நம் காலத்தில் இதற்காகப் பல வருடம் காத்திருந்து பழகியவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும்.) 1947இல் கர்நாடகத்தின் பிரம்மகிரியில் அதே வகை ஓடுகளை வைத்து அங்கிருந்த பெருங்கற்காலச் சின்னங்களுக்கும் காலம் கணித்தார்.

இனி எனக்குப் பிடித்த இடம். வீலர் தப்பும் செய்திருந்தார். அரிக்கமேட்டை ரோமானிய வணிகர்களின் வருகையோடே கட்டிப் பார்த்தார். உள்புறம் சின்னச் சின்னக் கோடுகள் சுற்றிச் சுற்றி இருக்கும் ரௌலட்டட் ஓட்டை மேற்கிலிருந்து வந்த சரக்கு என்று நினைத்தார். விமலா பெக்லி அந்த ஓடுகளை மறுபடி ஆராய்ந்து, 1989 முதல் 1992 வரை அரிக்கமேட்டிலேயே அகழாய்வும் நடத்தினார். அந்த ஊர் ரோமானியச் சரக்கு வருவதற்கு முன்பே இருந்தது என்றும், ரௌலட்டட் ஓடு இந்தியாவிலேயே செய்தது என்றும் தெரியவந்தது. ஆனால் வீலரைத் திருத்த அவர் எழுதி வைத்த கணக்கே உதவியது. எந்த ஓடு எந்த அடுக்கில் என்று அச்சில் இருந்ததால்தான் நாற்பது வருடம் கழித்து ஒருவர் உட்கார்ந்து "இது இங்கே சரியில்லை" என்று சொல்ல முடிந்தது. நான் துண்டில் சுற்றிக்கொண்டு வந்த கல்லைப் பற்றி யாரும் அப்படித் தப்புக்கூடக் கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடிக்க அதில் ஒன்றுமே இல்லையே.

கீழடி பற்றிப் பேசாத தமிழன் இல்லை. "கி.மு. ஆறாம் நூற்றாண்டு" என்று ஸ்டேட்டஸ் வைக்காத நண்பனும் இல்லை. 2019இல் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். கி.மு. 580 என்ற காலக்கணிப்பு வந்த மாதிரி 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்தது என்று இருக்கும். அந்த 353ஐ யாரோ ஒருவர் வெயிலில் குழிக்குள் நின்று டேப் பிடித்து எழுதியிருக்கிறார். எழுதாமல் விட்டிருந்தால் அது அடுப்புக்கரி.

இதற்கு நேர் எதிர்க் கதை செம்பியன் கண்டியூர். மயிலாடுதுறைப் பக்கம் ஒரு பள்ளி ஆசிரியர் தன் வீட்டுத் தோட்டத்தில் குழி தோண்டும்போது கைக்கோடரி ஒன்று கிடைத்தது. அதில் கீறியிருந்த நான்கு குறிகளும் சிந்துவெளி எழுத்து என்று 2006இல் ஐராவதம் மகாதேவன் சொன்னார். பெரிய செய்தியானது. குறிகள் எழுத்துதானா, எந்தக் காலம் என்றெல்லாம் மற்றவர்கள் கேட்டார்கள், வாதம் தீரவில்லை. அந்த ஆசிரியர் பொறுப்பாக ஒப்படைத்தார், அவர் மேல் குறையே கிடையாது. ஆனால் தோட்டக் குழியில் கிடைத்த கல்லுக்கு அடுக்கின் சாட்சி கிடையாது. அகழாய்வுக் குழியில், அளந்த அடுக்கில் கிடைத்திருந்தால் பாதி வாதம் அன்றைக்கே முடிந்திருக்கும்.

வீலரிடம் பயின்றவர்கள் துறை நடத்தினார்கள், அவர்கள் வழக்கம் பல்கலைக்கழகங்களுக்கும் வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் டி.வி. மகாலிங்கம் காலத்தில் உறையூர், திருக்காம்புலியூர், அழகரை என்று காவிரிக் கரையில் தோண்டினார்கள். 1981இல் தஞ்சாவூரில் தமிழ்ப் பல்கலைக்கழகம் வந்தது. 1985இல் நொய்யல் கரையில் கொடுமணல் அகழாய்வு தொடங்கியது. பதிற்றுப்பத்தில் வரும் கொடுமணம் இதுதான் என்பார்கள். இரும்பு உருக்கிய உலை, மணிக்கற்களை அறுத்துத் துளையிட்ட பட்டறை, தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகள் என்று அள்ளிக் கொடுத்த ஊர் அது. அங்கே தோண்டியவர்களில் எ. சுப்பராயலு, கா. ராஜன் இருவரையும் சார் அடிக்கடி சொல்வார்.

2006இல் ராஜன் தலைமையில் தமிழ்ப் பல்கலைக்கழகக் குழு தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் மூன்று நடுகற்களைக் கண்டது. தமிழ் பிராமி எழுத்துள்ள நடுகற்கள், அவற்றில் ஒன்று கூடலூரில் நடந்த ஆநிரைப் பூசலைச் சொல்கிறது. சங்கப் பாட்டில் மட்டும் படித்த நடுகல்லை அந்தக் காலத்து எழுத்தோடேயே பார்க்க முடிந்தது. அந்தக் குழுவில் ஆய்வு மாணவர்களும் இருந்தார்கள். ஊர் ஊராக நடந்து தேடுகிற மாணவன் என்றால் என்னவென்று எனக்குக் கொஞ்சம் புரிந்த இடம் இது.

சுப்பராயலு விஷயத்தில்தான் "நாடு" வருகிறது. 1973இல் அவர் சோழ மண்டலத்தின் அரசியல் புவியியல் பற்றி ஒரு நூல் எழுதினார். கல்வெட்டுகளில் "இன்ன நாட்டு இன்ன ஊர்" என்று வரும் இல்லையா, அந்த ஊர்களை ஒவ்வொன்றாகத் தேடி வரைபடத்தில் குறித்தார். நாடு என்பது ராஜா மேலேயிருந்து பிரித்துப் போட்ட தாலுகா என்பதை விட, நீரையும் நிலத்தையும் ஒட்டி ஊர்கள் தாமாகக் கூடிய கூட்டம் என்ற படம் அதில் தெரிந்தது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சோழ நாட்டில் கல்வெட்டில் தேட வேண்டியது எங்கள் மலையில் பஸ் போர்டில் இருக்கிறது! எங்கள் நாடுகளும் அப்படிக் கூடியவையா, அதே சொல் வேறு வழியில் வந்து ஒட்டியதா என்பதை எல்லாம் யாராவது நடந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கடல் தாண்டி ஒரு பேராசிரியரையும் சொல்லாமல் விட மனமில்லை. கா. இந்திரபாலா. 1965இல் லண்டன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். இலங்கையில் தமிழர் குடியேற்றம் பரவலாக நடந்தது பிற்காலத்தில்தான் என்று அந்த ஆய்வேடு சொன்னது. பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர். 1980இல் ஆனைக்கோட்டையில் இந்திரபாலா, பொ. இரகுபதி உள்ளிட்ட பல்கலைக்கழகக் குழு அகழாய்வு செய்தபோது, பெருங்கற்கால ஈமப் புதைவில் எழுத்துப் பொறித்த முத்திரை ஒன்று கிடைத்தது. புதிய சான்றுகள் சேரச் சேர, தன் பழைய முடிவு இனி நிற்காது என்று அவர் 2005இல் வெளியிட்ட நூலில் தானே எழுதினார். பட்டம் வாங்கித் தந்த ஆய்வேட்டை அவரே திருத்தினார், அதுவும் இலங்கை மாதிரி ஒரு நாட்டில், ஒவ்வொரு வரியையும் இரண்டு பக்கமும் கட்சி கட்டிப் படிக்கிற காலத்தில். எனக்கு 9 மார்க்கைச் சகித்துக்கொள்ளவே இரண்டு மாதம் ஆனது.

சரி, கல் என்னாச்சு?

கொண்டு போனேன். அங்கே நடந்ததுதான் சார் போட்ட மார்க்கை விடப் பெரிய அடி. நான் எடுத்த மூன்றாம் நாளே கல் குறைந்தது தெரிந்துவிட்டிருக்கிறது. ஊர்க் கவுண்டர் எல்லோரையும் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். அந்தப் பக்கம் ஆடு மேய்க்கிற பையன் ஒருவன் மேல் சந்தேகம் விழுந்து, டூரிஸ்ட்டுக்கு விற்றுவிட்டான் என்று பேசி, அவன் அப்பா அவனை அடித்தும் இருக்கிறார். நான் பல்கலைக்கழகத்தில் அறிக்கைக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்த அதே வாரம்.

ஆயாவிடம்தான் முதலில் சொன்னேன். "படிக்கப் போன எடத்துல இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா கண்ணு?" என்று கேட்டது. பதில் இல்லை. ஊர்க் கவுண்டரிடம் போய்ச் சொன்னேன், பையன் வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். அவன் என்னைப் பார்க்காமல் ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டே இருந்தான். தேங்காய் உடைத்து, கல்லை வைத்தேன். எந்த இடத்தில் இருந்தது என்று எனக்கே சரியாக நினைவில்லை. ஆயாதான் நகர்த்தி வைத்தது. மொத்தம் ஏழு கல். இந்த முறை எண்ணினேன், போட்டோ எடுத்தேன், அளந்தேன், மேடையைப் படமும் வரைந்தேன்.

வரைந்துகொண்டிருக்கும்போது ஆயா சும்மா பேச்சுவாக்கில் சொன்னது, "அந்தப் பெரிய கல்லு எங்க மாமனார் சாமை வெதைக்க ஏர் ஓட்டுறப்ப ஓடைக்கு மேக்கால காட்டுல கெடச்சது." எனக்குக் கை நின்றுவிட்டது. எந்தக் காடு? யார் கூட இருந்தார்கள்? மற்ற கல்? இரண்டு மூன்று கற்களுக்கு ஆயாவுக்கு இடம் தெரியும். பிள்ளையார் மேடையில் இருக்கிற கல்லுக்கு முகவரியே கிடையாது என்று நினைத்திருந்தேன். இருபது வருஷமாக ஒரே வீட்டில் இருந்துவிட்டு நான் கேட்டதில்லை.

பிறகு படித்தபோது தெரிந்தது, பக்கத்துச் சேர்வராயன் மலையிலும் இதே கதைதான். 1863இல் பல்லாவரத்தில் கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் ஏற்காட்டில் வாழ்ந்தவர், அந்த மலையின் கைக்கோடரிகளைச் சேர்த்தவர். அங்கேயும் உழும்போது கிடைத்த கல்லைப் பிள்ளையாரிடம் கொண்டு வைப்பது வழக்கம். ஐரோப்பாவில் இதே மாதிரிக் கல்லை இடியோடு வானத்திலிருந்து விழுந்தது என்று வீட்டில் பத்திரமாக வைத்திருந்தார்கள். ஃபூட் சேர்த்தவை சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. எங்களுடையவை மேடையிலேயே இருக்கின்றன, இருக்கட்டும்.

புது அறிக்கையை சாரிடம் கொடுத்தேன். ஒன்பது பக்கம், இரண்டு படம், ஆயா சொன்னது சொன்னபடியே. ஒரு வாரம் கழித்துத் திருப்பித் தந்தார். "மார்க் மாத்த முடியாதுப்பா, அனுப்பியாச்சு" என்றார். மாற்றுவார் என்று நானும் நினைக்கவில்லை. (கொஞ்சம் நினைத்தேன்.) உள்ளே சிவப்பு மை ஒரே இடத்தில் இருந்தது. "ஓடைக்கு மேற்கே" என்று நான் எழுதியிருந்த வரிக்கு ஓரத்தில், "எத்தனை மீட்டர்?"

பொங்கல் லீவில் அந்தச் சாமைக் காட்டுக்குப் போகிறேன். ஆயா வந்து இடம் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறது, முழங்கால் வலி ஒத்துழைத்தால். ஆடு மேய்க்கிற பையனையும் கூப்பிட்டிருக்கிறேன், அந்தக் காடு அவனுக்குத்தான் அத்துப்படி. வருகிறேன் என்று இன்னும் சொல்லவில்லை. சார் துறையின் முப்பது மீட்டர் டேப்பைக் கொடுத்தார். கொடுக்கும் முன் டேப் நம்பர், தேதி, என் கையெழுத்து மூன்றையும் ரிஜிஸ்டரில் வாங்கிக்கொண்டார். "எங்கே கொண்டு போகிறாய்" என்ற கட்டத்தில் எடப்புளி நாடு என்று எழுதினேன்.